அச்சேறுமுன் ஒரு சொல்

நம் நாட்டிலே நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மங்கல விளக்கு ஏற்றப்பெற்று, தமிழ் வாழ்த்தும் பாடப்பெற்றபின், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஆய்வுரை என்று உரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். முதற் பிரதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பொன்னாடை போர்த்தப்படும். ஆய்வுரை ஆற்ற வந்தவர் நெடுநேரம் நூலைப் புகழ்ந்துவிட்டு, ஈற்றிலே குரலைச் சற்றுத் தாழ்த்தி, நடுப்பகுதி நீண்டுவிட்டதென்றும், பாத்திரங்கள் சில உயிர்பெறவில்லையென்றும், அடுத்த பதிப்பில் ஆசிரியர் இவற்றைக் கவனித்துக்கொள்ளலாமென்றும் கூறி அமர்வார். சபையோர் கைதட்டுவர். நூலாசிரியரும் முகமலர்ச்சியோடு வணங்குவார். அன்றிரவு வீட்டிற்குச் சென்றபின் அவர் உறங்கினாரா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஆய்வாளர் கூறிய குறை உண்மையென்பது அவருக்குத் தெரியும். அதனைத் திருத்துங் காலம் கடந்துவிட்டதென்பதும் தெரியும். கடன்பட்டு அச்சிட்ட பிரதிகள் வீட்டின் மூலை அறையிலே கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த பதிப்பு என்பது நம் எழுத்தாளருள் மிகச் சிலருக்கே வாய்க்கும் பேறு.

இங்கே ஒரு வினா எழுகின்றது. அந்நூல் கையெழுத்துப் பிரதியாக இருந்த காலத்தில் அதனைப் படித்தவர் எவருமிலரா? இருந்தனர். நண்பர் இருவர் படித்தனர். உடன் பணிபுரிவோர் ஒருவர் படித்தார். மனைவியோ, தமையனோ, பழைய ஆசிரியரோ படித்திருத்தலுங் கூடும். யாவரும் 'நன்றாக இருக்கின்றது' என்றே சொன்னார்கள். அவர்களைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அன்பு மிகுதியால், மனம் நோகுமே என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தின் விலையை நூலாசிரியர் பின்னர்ச் சபை நடுவே செலுத்த நேர்ந்தது. எழுத்து மாற்றத்துக்கு இடந்தரும் நிலையில் இருக்கும்போது கூறப்படும் குறை ஓர் உதவி. அச்சாகி முடிந்தபின் கூறப்படும் அதே குறை ஒரு தீர்ப்பு. எழுத்துப் பட்டறை என்று இக்காலத்தார் வழங்கும் பயிற்சிக் களத்தின் பயன் முழுவதும் இந்த வேறுபாட்டிலே அடங்கியுள்ளது.

முன்னோர் கண்ட வழி

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. ஒரு நூல் கற்றோர் அவையில் அரங்கேறிய பின்னரே உலகிற் பரவுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் முன்னிலையில், குற்றமற எடுத்துரைக்கப்பட்டதென்று அந்நூலுக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. அதங்கோட்டாசான் மூன்று அதிகாரத்தும் குறைகளை எடுத்து வினாவ, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடையிறுத்தார் என்ற செய்தியை நச்சினார்க்கினியர் தம் உரையிலே தருகின்றார். அது வரலாறோ புனைவோ, நமக்கு அதன் கருத்தே முதன்மையானது. கேட்பவர் குறை வினாவுதலும், செய்தவர் பொறுமையோடு விடை தருதலும் நடந்தேறிய பின்னரே நூல் நாட்டுக்கு உரியதாகும் என்று அவர்கள் கருதினர். இன்று 'அரங்கேற்றம்' என்னுஞ் சொல் பெரும்பாலும் நடனமும் இசையும் பயின்ற பிள்ளைகளுக்கே வழங்குகின்றது. நூலுக்கு எஞ்சியிருப்பது வெளியீடு. முன்னது சோதனை, பின்னது கொண்டாட்டம்.

மற்றொரு செல்வத்தையும் முன்னோர் நமக்கு வைத்துச் சென்றுள்ளனர். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்கு உரிய குற்றங்கள் பத்தினைப் பெயர் சொல்லி வகுக்கின்றது. வேண்டியதைச் சொல்லாது விடுதல் குன்றக் கூறல். வேண்டாததையும் சேர்த்துச் சொல்லுதல் மிகைபடக் கூறல். சொன்னதையே மீண்டுஞ் சொல்லுதல் கூறியது கூறல். இதுவோ அதுவோ என்று படிப்பவர் தடுமாறும்படி எழுதுதல் மயங்க வைத்தல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றினைப் பெருக்குதல் மற்றொன்று விரித்தல். மிடுக்கோடு தொடங்கி வரவர வலியிழந்து முடிதல் சென்று தேய்ந்திறுதல். இலக்கணப் பாடத்திற் புள்ளி பெறுவதற்காக மாணவர் மனனஞ் செய்யும் இப்பெயர்கள், உண்மையில் ஓர் எழுத்துப் பட்டறையின் கருவிகள். குறைக்கு ஒரு பெயர் இருக்குமாயின் அது ஆளை விட்டு ஏட்டுக்குச் சென்றுவிடுகின்றது. 'நீ அலட்டுகிறாய்' என்னும்போது தாக்கப்படுபவன் மனிதன். 'இப்பத்தியிற் கூறியது கூறல் உண்டு' என்னும்போது இருவரும் ஒருங்கே குனிந்து ஏட்டைப் பார்க்கின்றனர்.

பவணந்தியார் குற்றம் பத்தினைச் சொன்னதோடு நின்றாரல்லர். அதனை அடுத்து அழகு பத்தினையும் சொன்னார். குற்றத்துக்கு எத்தனை பெயர்கள் உண்டோ, அழகுக்கும் அத்தனை பெயர்கள் உண்டு. குறை காண்பதில் வல்லவராய், நிறை காணும்போது 'நன்று' என்ற ஒரு சொல்லுக்குமேற் சொல்லறியாதவராய் இருப்பவர், நன்னூலைப் பாதியே படித்தவராவர்.

நம்மிடையே குறை கூறுவோர் பலர் தம்மை நக்கீரராக எண்ணிக்கொள்கின்றனர். இறைவன் பாடலிலேயே குற்றங் கண்ட புலவரைப் பற்றிய திருவிளையாடற் கதை நம்மைக் கவர்வது இயல்பே. ஆனால் அக்கதையிலே குறை கூறப்பட்டது அவை நடுவே. பரிசிலை எதிர்பார்த்து நின்றவனோ தருமி என்னும் ஏழை. அவன் பாடலை இயற்றியவனுமல்லன். ஆதலின் கேட்ட குறைக்கு விடைகூற அறியாது கலங்கினான். நக்கீரரின் அஞ்சாமை போற்றத்தக்கது. எனினும் ஓர் இளைஞனுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் வழியை அக்கதையிலே தேடுதல் கூடாது.

கைமாறிய உதவி

இவ்வழியை நன்கு விளக்கும் வரலாறு ஒன்று ஆங்கில இலக்கியத்தில் உண்டு. 1911ஆம் ஆண்டுக் கோடைக் காலத்திலே, எஸ்ரா பவுண்ட் என்னும் அமெரிக்க இளங் கவிஞர் ஜேர்மனியிலுள்ள கீசன் நகருக்குச் சென்றார். பிற்காலத்தில் போர்ட் மடொக்ஸ் போர்ட் என்று அறியப்பட்ட ஆங்கில நாவலாசிரியர் அப்பொழுது அங்கே தங்கியிருந்தார். பவுண்ட் தாம் அண்மையில் வெளியிட்ட 'கன்சோனி' என்ற கவிதைத் தொகுதியை அவருக்குக் காட்டினார். எவரும் வாயாற் பேசாத பழஞ்சொற்களும் செயற்கை அலங்காரங்களும் மலிந்த கவிதைகள் அவை. அவற்றைப் படித்த போர்ட், தாங்கமாட்டாதவராய்த் தரையிலே விழுந்து உருண்டார். நாகரிகமான மதிப்புரை என்று இதனைச் சொல்லமுடியாதுதான். ஆயினும் 1939இல் போர்ட் மறைந்தபோது பவுண்ட் எழுதிய நினைவுரையில், அந்த உருளல் தமக்குக் குறைந்தது ஈராண்டுகளையாவது மிச்சப்படுத்தியதென்றும், மக்கள் வழங்கும் உயிருள்ள மொழிக்குத் தம்மைத் திருப்பியதென்றும் நன்றியோடு குறிப்பிட்டார். ஆனால் 'கன்சோனி' ஏற்கெனவே அச்சேறிவிட்டது. போர்ட்டின் உண்மை பவுண்டின் பிற்கால நூல்களுக்கு உதவியதேயன்றி அந்நூலுக்கு உதவவில்லை.

பதினோராண்டுகள் சென்றன. 1922ஆம் ஆண்டு ஜனவரியில், பவுண்ட் பாரிஸ் நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய நண்பர் ரி. எஸ். எலியற் இலண்டனில் ஒரு வங்கியிற் பணிபுரிந்தவர். நரம்புத் தளர்ச்சியால் விடுமுறை பெற்று, மார்கேற், லோசான் என்னும் ஊர்களில் ஓய்வெடுத்தபோது ஒரு நெடுங் கவிதை எழுதியிருந்தார். அதன் கையெழுத்து, தட்டச்சுப் படிகளைப் பவுண்டிடம் ஒப்படைத்தார். அதுவே பின்னர் 'பாழ்நிலம்' என்று உலகப் புகழ்பெற்ற கவிதை.

பவுண்ட் எழுதுகோலை எடுத்தார். மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலே, 18ஆம் நூற்றாண்டுக் கவிஞராகிய போப்பின் பாணியில் ஏறத்தாழ 70 அடிகள் இருந்தன. போப் இதனை மிக நன்றாகச் செய்து முடித்துவிட்டார், அவரை விஞ்ச உம்மால் இயலாது என்ற கருத்துப்படக் கூறி, அவ்வடிகளை நீக்கச் செய்தார். நான்காம் பகுதியில் ஒரு நீண்ட கடற்பயணக் கதை இருந்தது. அதிற் கடைசிப் பத்து அடிகளே எஞ்சின. முழுக் கவிதையும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது.

இதுவரை கேட்டவர், பவுண்ட் வெட்டுவதில் வல்லவர் என்று மட்டும் எண்ணக்கூடும். அதன்பின் நடந்ததே கருதத்தக்கது. இவ்வளவு வெட்டுண்டதைக் கண்டு தளர்ந்த எலியற், எஞ்சிய அப்பத்து அடிகளையும் நீக்கிவிடலாமா என்று கடிதத்திற் கேட்டார். கூடாது, அது கவிதைக்கு இன்றியமையாதது என்று பவுண்ட் விடை எழுதினார். முன்னர் எழுதிய வேறொரு கவிதையை இதற்கு முகவுரையாகச் சேர்க்கலாமா என்று எலியற் வினாவியபோது, வேண்டாம் என்றார். 'இதனை நீக்கு' என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாரோ அவ்வளவு உறுதியாக 'இதனைக் காப்பாற்று' என்றும் சொன்னார். எலியற்றின் மனைவி விவியனும் அப்படிகளைப் படித்தவர். இரண்டாம் பகுதியின் ஓரத்திலே தம் வியப்பை எழுதினார். ஓரடியையும் தாமே சொல்லிக் கொடுத்தார். அவ்வடி கவிதையில் நிலைத்துவிட்டது.

எலியற் பவுண்ட் சொன்ன யாவற்றையும் ஏற்றாரல்லர். பலவற்றை ஏற்றார், சிலவற்றைத் தம் விருப்பப்படியே விட்டார். அவ்வாண்டின் இறுதியிற் கவிதை வெளிவந்தது. பிற்காலப் பதிப்பில் அதனைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். பவுண்ட் தம்முடைய நடையை நண்பரின் கவிதைமேல் ஏற்றவில்லை என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு. அவர் கை பட்டபின் அது முன்னையினும் மிகுதியாக எலியற்றின் கவிதையாயிற்று.

இவை யாவும் நமக்குத் தெரியவந்த விதமும் வியப்புக்குரியது. அப்படிகளை எலியற் நியூயோர்க்கிலிருந்த ஜோன் குவின் என்னும் அன்பருக்கு அனுப்பிவைத்தார். 1924இல் அவர் இறந்தபின் அவை எங்கே சென்றன என்பது வெளியுலகுக்குத் தெரியவில்லை. 1958இல் நியூயோர்க் பொது நூலகம் அவற்றைப் பெற்றது. 1968இலேயே அச்செய்தியை வெளியிட்டது. எலியற் 1965இல் மறைந்துவிட்டார். 1971இல் அவருடைய இரண்டாம் மனைவியார் வலெரி எலியற் அப்படிகளை நூலாகப் பதிப்பித்தார். வெட்டும் குறிப்புமாக நிறைந்த அத்தாள்களை இன்று எந்த மாணவரும் பார்க்கலாம். பெருங் கவிதையும் முதலிற் பிழையோடுதான் பிறக்கின்றது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மனம் நோகாத வழி

பவுண்டின் வழி எல்லோருக்கும் பொருந்தாது. மென்மையான வேறொரு வழியினை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர் கையாண்டார். 1929ஆம் ஆண்டு டிசெம்பரிலே, ஜே. ஆர். ஆர். ரொல்கீன் தாம் எழுதிவந்த ஒரு நெடுங் கதைப்பாட்டை உடன் பணிபுரிந்த சி. எஸ். லூயிஸுக்குப் படிக்கக் கொடுத்தார். அப்பொழுது ரொல்கீனின் பெரும் புனைகதைகள் எவையும் வெளிவரவில்லை. லூயிஸ் படித்த மறுநாளே தாம் பெற்ற மகிழ்ச்சியைக் கடிதத்தில் எழுதி, குறைகளைப் பின்னர் விரிவாக எழுதுவதாகக் கூறினார். பின்னர் அவர் அனுப்பியது ஒரு வேடிக்கையான உரைநூல். அக்கதைப்பாட்டைப் பன்னூறாண்டுப் பழமையான ஏட்டுச் சுவடி போலக் கருதி, பீபொடி, பம்பர்னிக்கல் முதலிய கற்பனைப் பேராசிரியர்கள் அதற்கு எழுதிய விளக்கக் குறிப்புகளாகத் தம் கருத்துகளை அமைத்திருந்தார். தமக்குப் பிடிக்காத அடி வருமிடத்தில், ஏடெழுதுவோர் பிழையால் மூலபாடம் கெட்டிருத்தல் வேண்டும் என்று அப்பேராசிரியர்கள் வாதிடுவர்.

நம் ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை அறிந்தவர்க்கு இந்த நகைச்சுவை நன்கு விளங்கும். குறை கவிஞருடையதன்று, ஏடெழுதினவனுடையது என்று ஒரு விளையாட்டை அமைத்ததால், ரொல்கீன் சிரித்துக்கொண்டே திருத்த முடிந்தது. லூயிஸ் குறை கூறிய அடிகளிற் பெரும்பாலானவற்றை அவர் மாற்றினார் என்பதை, 1985இல் அவருடைய மகன் பதிப்பித்த நூலிற் காணலாம். லூயிஸ் எந்தக் குறையையும் மறைத்தாரல்லர். அடி அடியாகச் சொன்னார். மகிழ்ச்சியை முதலிற் சொன்னார். குறையைக் காலந் தாழ்த்தாது சொன்னார். நண்பர் தலைநிமிர்ந்து கேட்கக்கூடிய முறையிற் சொன்னார்.

பட்டறையின் ஒழுங்கு

நண்பர் இருவரிடையே நிகழும் இவ்வுதவியை ஒரு வகுப்பாக ஒழுங்குபடுத்தலாமா? அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் 1936இல் இதற்கென ஓர் எழுத்தாளர் பட்டறையை நிறுவியது. பத்துப் பன்னிருவர் வட்டமாக அமர்வர். ஒருவரது படைப்பின் பிரதி எல்லோருக்கும் முன்னரே கொடுக்கப்பட்டிருக்கும். மற்றவர்கள் அதனைப் பற்றி உரையாடுவர். எழுதியவர் வாய் திறவாது கேட்டிருப்பார். இவ்வாறான முறை பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. எழுதியவரின் மௌனத்துக்குக் காரணமுண்டு. நூல் வெளியான பின்னர் ஆசிரியர் ஒவ்வொரு வாசகரின் வீட்டுக்குஞ் சென்று, 'நான் கருதியது இது' என்று விளக்க முடியாது. ஏட்டில் இல்லாத விளக்கம் எதற்கும் உதவாது என்பதை அந்த மௌனம் கற்பிக்கின்றது.

எனினும் இம்முறைக்கும் மறுப்பு எழுந்துள்ளது. கொரியாவிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மத்தியு சலெசெஸ் என்னும் எழுத்தாளர் 2021இல் வெளியிட்ட நூலில், வட்டத்திலுள்ள பெரும்பான்மையோர் அறியாத வாழ்க்கையை ஒருவர் எழுதும்போது, அவருடைய மௌனம் அவருக்குத் தீங்காகின்றதென்று வாதிட்டார். இதன் உண்மை நமக்கு எளிதில் விளங்கும். மலையகத்து மாணவி ஒருத்தி தன் கதையிற் 'பிரட்டு' என்றும் 'கொழுந்து' என்றும் எழுதுகின்றாள். வடக்கிலே பிறந்த மாணவன், 'பிரட்டு என்பது விளங்கவில்லை, மாற்றுக' என்கின்றான். காலையிலே தொழிலாளர் கூடி வேலை பெறும் இடத்தை அச்சொல் குறிக்கின்றது. அதனை நீக்கினால் தோட்டமே கதையிலிருந்து நீங்கிவிடும். அறியாமை படிப்பவனிடத்து இருக்கையில், குற்றம் ஏட்டின்மேற் சுமத்தப்படுகின்றது. ஆதலின் குறை கூறுபவர், 'இது எழுத்தின் குறையா, நான் அறியாத வாழ்க்கையா?' என்று முதலில் தம்மையே வினாவுதல் வேண்டும்.

நடனக் கலைஞராகிய லிஸ் லேர்மன் என்னும் அமெரிக்க அம்மையார் 1990இல் வகுத்த முறை இவ்விடர்ப்பாட்டைப் பெரிதுங் குறைக்கின்றது. அதற்கு நான்கு படிகள் உண்டு. முதலில், படைப்பிலே தம் மனத்திற் பதிந்தது எது என்பதைக் கேட்டவர்கள் சொல்வர். அடுத்து, படைத்தவர் தமக்கு ஐயமுள்ள இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்பார். மூன்றாவதாக, கேட்டவர்கள் தீர்ப்புக் கலவாத வினாக்களை எழுப்புவர். ஈற்றில், 'இதனைப் பற்றி எனக்கு ஒரு கருத்துண்டு, சொல்லலாமா?' என்று இசைவு பெற்றபின்னரே கருத்துரைப்பர். இசைவு கேட்டல் வெறும் உபசாரம்போலத் தோன்றலாம். கதவைத் தட்டிவிட்டு வருபவருக்கும் உடைத்துக்கொண்டு வருபவருக்கும் வேறுபாடு உண்டல்லவா?

சொல்லும் முறை

ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். இளம் எழுத்தாளர் ஒருவர் தம் கதையில் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்க:

'கண்ணீர்க் கடலில் மூழ்கிய கமலா, இதயம் சுக்குநூறாக உடைய, விதியை நொந்தவளாய் வேதனைத் தீயில் வெந்து வெதும்பினாள்.'

முதல் நண்பர், 'அபாரம்! கண் கலங்கிவிட்டது' என்கின்றார். இரண்டாமவர், 'உனக்கு எழுத்து வராது, போய்க் கணக்கைப் படி' என்கின்றார். இருவருமே ஏட்டைப் பார்க்கவில்லை. மூன்றாமவர் சொல்கின்றார்: 'கடிதம் வந்த இடத்திலே நானும் பதறினேன். ஆனால் இந்த வாக்கியத்தில் கமலா மூழ்குகிறாள், உடைகிறாள், வேகிறாள். மூன்றும் ஒருங்கே நிகழ்வதால் என்னால் அவளைக் காண முடியவில்லை. கடிதத்தைப் படித்தபின் அவளுடைய கைகள் என்ன செய்தன?'

மறுவாரம் அவ்விளைஞர் இவ்வாறு எழுதி வருகின்றார்: 'கமலா கடிதத்தை நான்காக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். பின்பு, வழக்கம்போல இருவருக்கும் அரிசி அளந்து உலையில் இட்டாள்.'

கடலும் தீயும் போய்விட்டன. கணவனை இழந்தவள் கண்முன்னே நிற்கின்றாள். மூன்றாம் நண்பர் இவ்வரிகளை எழுதிக் கொடுத்தாரல்லர். தாம் எங்கே பதறினார், எங்கே காட்சியை இழந்தார் என்பதை உண்மையாகச் சொல்லி, ஒரு வினாவைக் கேட்டார். எழுத்தை அறியாத தாயுங்கூடச் செய்யத்தக்க உதவி இது. 'எனக்கு இங்கே தூக்கம் வந்தது' என்று சொல்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

துயரத்தை எழுதுபவரிடத்து இவ்வுதவி மிகக் கடினமாகின்றது. எம் உயர்தர வகுப்பு மாணவர் வட்டத்திலே ஒரு மாணவி, தாய் வேலை தேடி மத்திய கிழக்கு நாட்டுக்குச் சென்ற நாளைப் பற்றிக் கதை எழுதி வாசித்தாள். வகுப்பு முழுவதும் மௌனமாயிற்று. பலர் 'மிக நன்று' என்றனர். அழுதவருமுண்டு. கதையோ பெரும்பகுதி பொதுவான சொற்களால் ஆகியிருந்தது. அதனைச் சொல்வது அவளுடைய துயரத்தையே குறை கூறுவதாகுமென்று யாவரும் அஞ்சினர். சற்று நேரஞ் சென்றபின் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி, 'கதையில் ஒரு தங்கச்சி வருகிறாளே, அம்மா போன அன்றிரவு அவள் என்ன செய்தாள்?' என்று மெல்லக் கேட்டாள். எழுதியவள் விடை கூறவில்லை. அடுத்த வாரம் ஒரு பத்தி கூடியிருந்தது. தாயின் பழைய சேலையைத் தலையணைக்கு உறையாகச் சுற்றி, அதை எவரும் துவைக்கக்கூடாதென்று தங்கை அடம்பிடித்ததை அது சொல்லிற்று. அந்தப் பத்தியை வாசித்தபோது எவரும் 'நன்று' என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையுமிருக்கவில்லை. அன்பினால் எல்லோரும் புகழ்ந்து விட்டிருந்தால் அந்தச் சேலை அவள் மனத்துக்குள்ளேயே மடிந்து கிடந்திருக்கும்.

கேட்கும் முறை

குறை கேட்பதும் பயிலவேண்டிய ஒரு கலையே. மாணவ நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றோம்.

எழுதி முடித்த அன்றே எவரிடமுங் கொடுக்கவேண்டா. உலையிலிருந்து இறக்கிய சோறு சற்று ஆறட்டும். சூடு தணியாத மனம் புகழ் ஒன்றையே எதிர்பார்க்கும். ஒரு வாரம் வைத்திருந்து, நீங்களே ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண் தவறவிட்ட பிழையைக் காது பிடித்துவிடும்.

கொடுக்கும்போது, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். அவ்வினாவுக்கு 'நன்று' என்பதைவிட வேறு விடை சொல்ல நற்குணமுடைய எவராலும் இயலாது. 'எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்த எண்ணினீர்கள்? எந்தப் பாத்திரத்தை நம்பவில்லை? முடிவை எங்கே ஊகித்தீர்கள்?' என்று கேளுங்கள். வினா குறுகினால் விடை மெய்யாகும்.

சொல்லும்போது இடைமறிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். குறித்துக்கொண்டிருக்குங் கை வாதாடும் நாவை அடக்கும். 'நீங்கள் சரியாகப் படிக்கவில்லை' என்ற ஒரு சொல் போதும். அந்நண்பர் இனி வாழ்நாள் முழுவதும் உங்களிடம் 'நன்று' என்றே சொல்வார்.

கேட்டவற்றையெல்லாம் ஏற்கவும் வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்ன குறையைச் சிந்தியுங்கள். மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ உண்டென்று கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் பரிகாரம் பிழையாயிருத்தல் கூடும். நோயுள்ள இடத்தைக் காட்டும் விரல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எந்த மருந்து இடுவது என்பதை முடிவுசெய்யும் உரிமை எழுதியவருக்கே உண்டு. அந்த உரிமையை எலியற் பவுண்டுக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

வீடும் கல்லூரியும்

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு கவிதையையோ கதையையோ கொண்டுவந்து நீட்டும்போது, கைவேலையைச் சற்று நிறுத்தி முழுவதையும் படியுங்கள். 'கெட்டிக்காரி' என்று தலையைத் தடவி அனுப்புவதும், 'சோதனைக்குப் படிக்காமல் இதென்ன?' என்று கடிந்து அனுப்புவதும் வெவ்வேறு செயல்களாகத் தோன்றினும், பிள்ளைக்கு அவை ஒன்றே. இரண்டிலும் அதன் எழுத்தை எவரும் படிக்கவில்லை. பிடித்த ஒரு வரியைச் சுட்டிக் காட்டுங்கள். விளங்காத ஓரிடத்தைக் கேளுங்கள். வீட்டிலே இவ்விரண்டையும் கேட்டுப் பழகிய பிள்ளை, பின்னர் உலகம் கூறும் கடுஞ்சொல்லால் ஒடிந்துபோகாது. எழுதத் தொடங்கிய பதினாறு வயதில் ஓர் ஏளனச் சொல்லைக் கேட்டு, அன்றோடு எழுதுகோலைக் கீழே வைத்தவர் எத்தனை பேரை நாம் அறிவோம்! புகழ்ச்சியையே உண்டு வளர்ந்து, நாற்பதாண்டுகளாக ஒரே கவிதையைத் திரும்பத்திரும்ப எழுதிவருவோரையும் அறிவோம். இவ்விரு சாராரும் இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று, தமிழுக்கும் இழப்பே.

கல்லூரித் தமிழ் மன்றங்கள் நாவன்மைப் போட்டிக்கும் கவியரங்குக்கும் நாள் ஒதுக்குகின்றன. மாதத்தில் ஒரு மாலையை, அச்சேறாத எழுத்தைப் படித்துக் கலந்துரையாடுவதற்கு ஒதுக்கினால் என்ன? அதற்கு மேடை வேண்டா, மாலை வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. பத்துக் கதிரைகளும், பிரதி செய்த சில தாள்களும், நன்னூற் பொதுப்பாயிரமும் போதும். குற்றம் பத்தும் அழகு பத்தும் கரும்பலகையில் எதிரெதிராக எழுதப்படட்டும். ஒரு குறை சொல்ல விரும்புபவர் முதலில் ஓர் அழகைச் சுட்டிக் காட்டட்டும். பள்ளி மலரிலே இடம்பெறும் ஆக்கங்கள் அந்த மாலையைக் கடந்தே அச்சகத்துக்குச் செல்லட்டும்.

இவ்வாறு பழகிய தலைமுறையொன்று வளருமாயின், வெளியீட்டு விழாக்களும் தம் இயல்பில் மாறும். ஆய்வுரையாளர் குரலைத் தாழ்த்த வேண்டிய தேவை இராது. முன் வரிசையிலே அமர்ந்திருக்கும் நண்பர்கள், அந்நூலில் இல்லாத பக்கங்களையும் அறிந்தவர்களாய் இருப்பர். அவற்றை நீக்கும்படி சொன்னவர்கள் அவர்களே. இவ்வாரம் உங்கள் மேசை அறையில் ஒரு கையெழுத்துப் பிரதி உறங்குமாயின், அதனை எடுத்து, உங்களிடம் உண்மை பேசத் துணிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவ்வாறான ஒருவர் உங்களுக்கு இல்லையாயின், வேறொருவருக்கு நீங்கள் முதலில் அவ்வாறு இருக்கத் தொடங்குங்கள்.